ஜகார்த்தாவுக்குக் குடும்பத்தோடு மாறுவோர் வீடு பார்ப்பது எப்படி

வேலை மாற்றலாகிச் சிங்கப்பூரிலிருந்து ஜகார்த்தாவுக்குக் குடும்பத்தோடு செல்வோர், வாடகையையும் வரவேற்பறையின் அழகையும் பார்ப்பதற்கு முன்பே பிள்ளைகளின் பள்ளியை முடிவுசெய்துவிட வேண்டும். பத்துக் கிலோமீட்டர் தூரம்கூட மாலை நெரிசலில் ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடக்கூடிய ஊர் அது. ஆகவே, வீடு பள்ளிக்கு அருகில் இருக்கட்டும். நெரிசலில் காத்துக்கிடக்கும் பாடு பெரியவர்களோடு போகட்டும்.

நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி நகரின் வடபகுதி தாழ்ந்துவருவதால், வெள்ளத்தைப் பற்றி விசாரிக்காமல் எந்த வீட்டுக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள். முகவரைவிட வாசல் காவலரும் எதிர்வீட்டாரும் உண்மையைச் சொல்வார்கள். சுவரின் அடிப்பகுதிக்கு மட்டும் புதிதாகச் சாயம் பூசியிருந்தால், ஏன் என்று கேளுங்கள்.

நம்மவர்கள் பெரும்பாலும் யோசிக்காத விஷயம் மின்சாரம். அங்கே ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் 1,300, 2,200 வோல்ட் ஆம்பியர் என்று உச்ச அளவு உண்டு. 2,200 அளவுள்ள வீட்டில் இரண்டு குளிரூட்டிகள் ஓடிக்கொண்டிருக்கும்போது மின்கெண்டியையும் போட்டால், வீடு முழுவதும் மின்சாரம் போய்விடும். முன்பண மீட்டராக இருந்தால், பணம் கட்டிப் பெற்ற 20 இலக்க எண்ணை அதில் அழுத்த வேண்டும். இருப்பு குறைந்துவிட்டால் மீட்டர் நள்ளிரவிலும் விடாமல் ஒலி எழுப்பும். எனவே, கையெழுத்திடுவதற்கு முன்பே இணைப்பின் அளவைத் தெரிந்துகொண்டு, போதாதென்றால் உயர்த்தித் தருவதாக உரிமையாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று முள் செருகிகள் அங்கே பொருந்தாது என்பதால் கிரைண்டருக்கு அடாப்டர் தேவைப்படும்.

குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கக்கூடாது. 19 லிட்டர் கேன்களை வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள். சட்னி அரைக்கவும் அதையே பயன்படுத்துங்கள்.

வாடகையை ஓராண்டுக்கு மொத்தமாக முன்கூட்டியே கேட்பது அங்கே வழக்கம். அந்தத் தொகையை நிறுவனம் நேரடியாகக் கட்டுமா என்பதையும், இடையில் மாற்றலானால் மீதி திரும்பக் கிடைக்குமா என்பதையும் புறப்படும் முன்பே பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது. பேசாமல் போனால் சேமிப்பில்தான் கைவைக்க நேரிடும்.

சிங்கப்பூரில் உள்ள வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை முழுவதுமாக வாடகைக்கு விடுவதற்குக் கழகத்தின் அனுமதி வேண்டும். குறைந்தபட்சக் குடியிருப்புக் காலமும் முடிந்திருக்க வேண்டும். நிரந்தரவாசிகளுக்கு அந்த அனுமதி கிடையாது. 13 வயதைத் தொட்ட மகன் இருந்தால், தேசிய சேவைக்கான வெளியேறும் அனுமதிக்கும் முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள்.