பங்குனி, சித்திரையில் வலசைக் குருவிகளைப் பார்ப்பது எப்படி?

இமயமலையிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வந்து சேலத்திலும் சேர்வராயன் மலையிலும் குளிர்காலத்தைக் கழிக்கும் சிறு பறவைகள், பங்குனி, சித்திரை மாதங்களில் கூடு கட்டுவதற்காக வடக்கே திரும்புகின்றன. புறப்படுவதற்கு முன் உடலில் கொழுப்பைச் சேர்க்க அவை ஓயாமல் இரை தேடுவதால், இந்தச் சில வாரங்களில் அவற்றைப் பார்ப்பது எளிது.

மூக்கனேரிக் கரைக்கோ ஏற்காட்டின் காப்பித் தோட்டச் சாலைகளுக்கோ விடியற்காலையிலேயே சென்றுவிட வேண்டும். சித்திரை வெயில் ஏறிவிட்டால் குருவிகள் இலைகளுக்குள் ஒடுங்கிவிடும். குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்குச் செல்பவர்கள் வாயில் திறந்ததும் நேராக நிழலான பகுதிக்குச் செல்லலாம். எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் வில்லை கொண்ட பைனாகுலர் போதும்.

நடந்துகொண்டே தேடுவதைவிட, தண்ணீருக்கு அருகிலோ பூத்திருக்கும் கல்யாண முருங்கை மரத்தைப் பார்த்தபடியோ ஓரிடத்தில் அரை மணி நேரம் அசையாமல் அமர்ந்திருப்பதே நல்ல முறை என்று நான் உறுதியாக நம்புகிறேன். முதலில் காதைப் பழக்குங்கள். மர உச்சியில் ‘ச்சிவீ, ச்சிவீ’ என்ற கூர்மையான குரல் திரும்பத் திரும்பக் கேட்டால், அது பெரும்பாலும் இலைக் கதிர்க்குருவியாக இருக்கும். இலை அசையும் இடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணருகே கொண்டுவந்தால், சிட்டுக்குருவியைவிடச் சிறிய அந்தப் பசும்பழுப்பு உடலும், கண்ணுக்கு மேலே புருவம் போன்ற வெளிர் கோடும், சிறகில் மெல்லிய வெண்பட்டையும் தெரியும்.

தரையையும் விட்டுவிடக் கூடாது. காப்பிச் செடிகளின் அடியில் சருகைப் புரட்டும் ஆறுமணிக் குருவிக்கு வால் மிகக் குட்டை. வயிற்றின் அடிப்பகுதி செக்கச் சிவப்பு. மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்ட, கொடிக்கால் வாலாட்டி பக்கவாட்டில் ஆட்டும். மார்பில் இரண்டு கறுப்புப் பட்டைகளும் உண்டு. ஈப்பிடிப்பான்கள் ஒரே கிளையிலிருந்து பறந்து பூச்சியைப் பிடித்துப் பெரும்பாலும் அதன் அருகிலேயே திரும்பி அமர்வதால், தவறவிட்டாலும் காத்திருக்கலாம்.

கைப்பேசியில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். நெடும்பயணத்துக்காகச் சேர்க்கும் வலுவை, இல்லாத ஒரு போட்டியாளனைத் துரத்துவதில் அது இழந்துவிடும். பார்த்த இடம், நேரம், எண்ணிக்கை ஆகியவற்றை, பறவை பார்ப்பவர்கள் தங்கள் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்டு (eBird) இணையதளத்தில் பதியுங்கள். ஒவ்வொரு இனத்தையும் கடைசியாகப் பார்த்த நாளை ஆண்டுதோறும் குறித்து வந்தால், எது எப்போது சேலத்தை விட்டுப் புறப்படுகிறது என்பது தெளிவாகும்; ஆகவே கதிர்க்குருவியின் குரல் அடங்கிய பிறகும் வைகாசித் தொடக்கம்வரை அதே மரத்தடிக்குச் சென்று பாருங்கள்.