வால் தொரான்ஸில் முதல் பனிச்சறுக்கு: திட்டமிடும்போதே தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த பிப்ரவரியில், பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் உள்ள மூத்தியே ரயில் நிலையத்தில், வால் தொரான்ஸ் போகும் மலைப் பேருந்துக்குக் காத்திருந்தேன். பக்கத்தில் பாரிஸிலிருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். நால்வரும் அதுவரை ஸ்கீ மாட்டியதே இல்லை. நால்வருக்கும் ஆறு நாளைக்கு, லிஃப்டுகளில் ஏறி மூன்று பள்ளத்தாக்குகளையும் சுற்றிவரும் பெரிய பாஸ் வாங்கியாயிற்று என்று அந்த அப்பா சந்தோஷமாகச் சொன்னார். எனக்கு மனசு கேட்கவில்லை. பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் அதே நிலையத்தில், அதே பாஸோடு, அதே சந்தோஷத்தோடு நானும் நின்றிருக்கிறேன். பேருந்து மேலே ஏறும் ஒரு மணி நேரமும் அவரோடு பேசிக்கொண்டே போனேன். அங்கே சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கையுறை, தொப்பி, தலைக்கவசம், ஜீன்ஸ் போடாதீர்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வது. அதை விட்டுவிடுகிறேன்.

உயரமான ஊர் என்றால் எப்போதும் நல்லது என்று நம்புவது

வால் தொரான்ஸ் 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஐரோப்பாவின் பனிச்சறுக்கு ஊர்களில் மிக உயரமானது இதுதான். நவம்பர் கடைசியிலிருந்து மே தொடக்கம் வரை பனிக்குக் குறைவில்லை. ஆனால் அந்த உயரத்தில் மரம் கிடையாது. மேகம் இறங்கிப் பனி கொட்டும் நாளில் தரை எது, வானம் எது என்று கண்ணுக்குப் பிடிபடாது. பாதையோரத்தில் மரங்கள் இருந்தால் அவற்றை வைத்தே சரிவைக் கணிக்கலாம். இங்கே எல்லாம் ஒரே வெள்ளை. நடுங்கிக்கொண்டிருக்கும் புதியவருக்கு அந்த ஒரு நாள் போதும், இனி வேண்டவே வேண்டாம் என்று சொல்ல. காற்று பலமானால் மேல் லிஃப்டுகளையும் நிறுத்திவிடுவார்கள்.

ஜனவரியில்தான் போக முடியும் என்றால், மெரிபெல், லா தானியா மாதிரி காட்டுக்குள் பாதைகள் ஓடும் தாழ்ந்த ஊர்களையும் பாருங்கள். வால் தொரான்ஸின் உயரம் உண்மையில் கைகொடுப்பது ஏப்ரலில். கீழே உள்ள ஊர்களில் புல் தெரிய ஆரம்பித்திருக்கும். இங்கே நல்ல பனி, நீண்ட பகல், இதமான வெயில். பாரிஸ் பிள்ளைகளுக்கு வசந்தகால விடுமுறையும் பெரும்பாலும் அதையொட்டியே வரும். பிப்ரவரி விடுமுறையோடு ஒப்பிட்டால் கூட்டம் குறைவு. காலையில் பனி இறுகி இருக்கும், மதியத்துக்கு மேல் கூழாகிவிடும். அதனால் 9 மணிக்கே தொடங்கி 1 மணிக்கு முடித்துக்கொள்ளுங்கள். முதன்முறை போகிற குடும்பத்துக்கு நான் சொல்வது எப்போதும் ஏப்ரல்தான்.

பிப்ரவரியில் சனிக்கிழமை கிளம்புவது

பிரான்ஸில் குளிர்கால விடுமுறை ஏ, பி, சி என்று மூன்று மண்டலங்களாக, நான்கு வாரங்களுக்குள் மாறி மாறி வரும். பாரிஸ் சி மண்டலம். இரண்டு மண்டலங்களின் விடுமுறை ஒன்றோடொன்று சேரும் வாரத்தில், அதுவும் வாடகை வீடுகள் கைமாறும் சனிக்கிழமையில், ஆல்பெர்வில்லிலிருந்து மூத்தியே வரை கார்கள் ஊர்ந்துதான் போகும். ஞாயிறு முதல் ஞாயிறு வரை தரும் வீடு கிடைத்தால் எடுங்கள். முடிந்தால் காரை விட்டுவிட்டு, பாரிஸின் கார் தெ லியோன் நிலையத்திலிருந்து மூத்தியேக்கு ரயிலில் வந்து பேருந்து பிடியுங்கள்.

கார் சக்கரத்துக்கான பனிச் சங்கிலியைப் பிரிக்காமலே கொண்டுபோவது

வீட்டு வாசலில், வெளிச்சத்தில், ஒரு தடவை மாட்டிப் பாருங்கள்.

பெரிய பாஸ்

இதைப் பற்றிப் பேசினால் எனக்கு இன்னும் கோபம் வரும். காசு போனதை நினைத்து வரும் கோபம் இல்லை.

மூன்று பள்ளத்தாக்குகளும் சேர்ந்தால் 600 கிலோமீட்டர் சறுக்குப் பாதை. கூர்ஷவெல், மெரிபெல், லே மெனுயிர், வால் தொரான்ஸ் எல்லாம் லிஃப்டுகளால் கோத்த ஊர்கள். விற்கும்போது அந்த 600-ஐத்தான் காட்டுவார்கள். ஆனால் முதன்முறை வருகிறவர் அந்த வாரம் முழுக்க ஊரைச் சுற்றியுள்ள நாலைந்து பச்சை, நீலப் பாதைகளில்தான் (மிக எளியது பச்சை, அடுத்தது நீலம்) இருப்பார். இருக்கவும் வேண்டும். வால் தொரான்ஸ், அதை ஒட்டிய ஒரேல் பகுதிக்கு மட்டும் தனியாக ஒரு பாஸ் உண்டு. அதிலேயே 150 கிலோமீட்டர் வரும். அதுகூட முதல் இரண்டு நாளைக்குத் தேவைப்படாமல் போகலாம். தொடக்கப் பகுதியில் எந்தப் பாஸ் போதும் என்று பனிச்சறுக்குப் பள்ளியிலேயே கேட்டுவிட்டு வாங்குங்கள். கால் திடமான பிறகு பக்கத்துப் பள்ளத்தாக்கைப் பார்க்க ஆசை வந்தால், ஒரு நாளைக்கு மட்டும் கூடுதல் கட்டி நீட்டித்துக்கொள்ளலாம்.

காசு வீண் என்பது பாதிக் கதைதான். கொடுத்த காசுக்குச் சுற்றிவிட வேண்டும் என்று அந்தப் பாஸ் நம்மைப் பிடித்துத் தள்ளும் பாருங்கள், அதுதான் ஆபத்து.

என் முதல் வருடம், நான்காம் நாள். நானும் என் மைத்துனரும் நீலப் பாதையில் விழாமல் இறங்கப் பழகியிருந்தோம். பாஸ் இருக்கிறதே, மெரிபெல் பக்கம் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று கிளம்பினோம். 2,850 மீட்டரில் இருக்கும் மோன் தெ லா ஷாம்பர் முகட்டுக்கு லிஃப்டில் ஏறி, மறுபக்கம் 1,750 மீட்டரில் இருக்கும் மொத்தாரே வரை இறங்கினோம். எங்கள் வேகத்துக்கு அது இரண்டரை மணி நேரம். சாப்பிட்டு எழுந்தபோது 2.30. அதற்குள் பாதையெல்லாம் உழுத வயல் மாதிரி மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. மைத்துனரின் தொடை நடுங்க ஆரம்பித்துவிட்டது. பத்து மீட்டருக்கு ஒரு முறை நின்றார். முகட்டுக்குத் திரும்ப ஏறும் லிஃப்டின் அடிவாரத்தை நாங்கள் தொட்டபோது குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள். நாற்காலிகள் காலியாக ஓடிக்கொண்டிருந்தன. ஐந்து நிமிடம்தான் தாமதம். ஏற்ற மாட்டோம் என்றார்கள். அது சரிதான்; இருட்டில் எங்களை மறுபக்கம் இறங்கவிட முடியாது.

வரைபடத்தில் மெரிபெலும் வால் தொரான்ஸும் ஒட்டிக்கொண்டிருக்கும். சாலையில் அப்படி இல்லை. மெரிபெலிலிருந்து மூத்தியே வரை 18 கிலோமீட்டர் இறங்க வேண்டும். அங்கிருந்து 37 கிலோமீட்டர் ஏற வேண்டும். சறுக்குக் காலணியோடு, ஈரச் சட்டையோடு, டாக்சி தேடினோம். ஒருவரின் இரண்டு நாள் பாஸுக்கும் மேலே பணம் போனது. அதை மறந்துவிட்டேன். மறக்க முடியாதது, 5 மணிக்குப் பனிச்சறுக்குப் பள்ளி வாசலில் என் மகள் நின்ற நிற்பு. மற்ற பிள்ளைகள் எல்லாம் போய்விட்டார்கள். என் மனைவி வேறு இடத்தில், நான் கூட்டிவருவேன் என்று நினைத்துக்கொண்டு இருந்தாள். முக்கால் மணி நேரம் ஆசிரியை குழந்தையோடு காத்திருந்தார். அவளுக்கு அப்போது ஆறு வயது.

அப்புறம் எத்தனையோ பேரை அதே கயிற்றுக்கு முன்னால் பார்த்துவிட்டேன். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பக்கத்துப் பள்ளத்தாக்குக்குப் போவதானால், திரும்பி ஏறும் கடைசி லிஃப்டின் நேரத்தைக் காலையிலேயே பலகையில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பருவத்துக்குப் பருவம் மாறும். ஏறக்குறைய 4 மணி என்றால், நீங்கள் 2 மணிக்கு அந்த லிஃப்டில் இருக்க வேண்டும். மதியம் காற்று எழுந்தால் இணைப்பு லிஃப்டை முன்கூட்டியே மூடவும் செய்வார்கள். மேகம் திரண்டால் சாப்பாட்டை விட்டுவிட்டுத் திரும்புங்கள். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டிருந்தால், பெற்றோரில் ஒருவர் ஊர்ப் பக்கமே இருங்கள்.

மீட்புச் செலவை அரசு பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பது

சறுக்குப் பாதையில் கால் முறிந்து, மீட்புக் குழு உங்களைப் படுக்க வைத்து இழுத்துவந்தால், அந்தச் செலவு உங்கள் பெயருக்கு வரும். பிரெஞ்சு மருத்துவக் காப்பீட்டு அட்டை சிகிச்சைக்கு. பாதை மீட்புக்கு அல்ல. பாஸ் வாங்கும்போதே நாள் கணக்கில் சில யூரோவுக்குக் காப்பீடு கேட்பார்கள். உங்கள் வங்கி அட்டையிலோ வீட்டுக் காப்பீட்டிலோ அது ஏற்கெனவே இல்லை என்றால் எடுத்துவிடுங்கள்.

வந்த அன்றே உச்சிக்குப் போவது

2,300 மீட்டரில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். முதல் இரவு தூக்கம் சரியாக வராது, தலை லேசாக வலிக்கும். தண்ணீர் நிறையக் குடியுங்கள், முதல் இரவு மது வேண்டாம். 3,200 மீட்டர் உயரச் சிம் கரோன் சிகரத்துக்கு மூன்றாம் நாள் போனால் போதும். கைக்குழந்தையோ, இதயம் அல்லது நுரையீரல் கோளாறு உள்ள பெரியவர்களோ கூட வந்தால், ஊரைப் பதிவு செய்வதற்கு முன்பே மருத்துவரைக் கேளுங்கள்.

குக்கர் இல்லாமல் போவது

அங்கே தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக வெகு நேரம் பிடிக்கும். மின்சார அடுப்பில் உட்காரும் சின்னக் குக்கர் ஒன்றைப் பெட்டியில் வையுங்கள்.

நம் தோலுக்குக் கிரீம் எதற்கு என்பது

கருத்த தோலும் எரியும். உயரம் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் கூடும், புதுப்பனி அதில் பெரும்பகுதியைத் திருப்பி முகத்திலேயே அடிக்கும். தாடைக்குக் கீழே, மூக்குத் துவாரத்தைச் சுற்றி, காது மடலில் தடவுங்கள். வெயில் நாளுக்கு எஸ்3 வகைக் கண்ணாடி (கருமை கூடியது) வேண்டும், மேகமூட்டத்துக்கு எஸ்1 (வெளிர்ந்தது).

காலணியை ஒரு அளவு பெரிதாக வாடகைக்கு எடுப்பது

இரண்டு காலுறையும் வேண்டாம், பெரிய அளவும் வேண்டாம். மெல்லிய நீளக் காலுறை ஒன்று போதும். நிமிர்ந்து நின்றால் விரல் நுனி லேசாக முட்ட வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும். கடையில் எடையைக் கேட்டால் குறைத்தோ கூட்டியோ சொல்லாதீர்கள். விழும்போது ஸ்கீ கழன்றுகொள்ளும் இறுக்கத்தை அந்த எண்ணை வைத்துத்தான் திருகுகிறார்கள்.