பூங்காவுக்கு நம் வட்டாரத்தவர் பெயர்: முன்மொழிவு தயாரிக்கும் முறை

ஃபேரர் பார்க், மெக்ரிட்சி, ஹொங் லிம். சிங்கப்பூரில் நாள்தோறும் சொல்லும் இந்த மூன்றும் மனிதர்களின் பெயர்கள். ஒருவர் நகராட்சித் தலைவர், ஒருவர் நகராட்சிப் பொறியாளர். மூன்றாமவர் சியாங் ஹொங் லிம், 1876ல் 3,000 வெள்ளி கொடுத்துப் பொதுத் தோட்டம் அமையக் காரணமான வணிகர். பூங்காவுக்கு ஆள் பெயர் வைப்பது இங்கே புதிதல்ல. ஆனால் வட்டாரத்தவர் இன்று ஒரு பெயரை முன்மொழிந்தால், ஒரே இடத்தில் அடிக்கடி சறுக்குகிறார்கள். அந்த மனிதரின் பெருமையைப் பத்துப் பக்கம் எழுதுகிறார்கள். அந்த நிலத்துக்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்பதற்கு ஒரு வரிகூட இருக்காது. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த ஒரு வரியைச் சம்பாதிப்பதற்குத்தான்.

படி 1: நிலம் யார் பொறுப்பில் இருக்கிறது?

பார்க்க ஒரே புல்வெளியாக இருந்தாலும் பொறுப்பு வேறு வேறு. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளுக்கு நடுவே உள்ள விளையாட்டுத் திடல், உடற்பயிற்சி மூலை போன்றவை பொதுவாக நகர மன்றத்தின் பராமரிப்பில் இருக்கும். பெரிய பூங்காக்களும் பூங்கா இணைப்புப் பாதைகளும் தேசியப் பூங்காக் கழகத்தின் கையில். நீர்த்தேக்கம், கால்வாய் ஓரம் என்றால் பொதுப் பயனீட்டுக் கழகத்துக்கும் பங்கு உண்டு. முதலில் நுழைவாயில் பலகையில் எந்தச் சின்னம் இருக்கிறது என்று பாருங்கள். சின்னம் இல்லையென்றால் ஒன்சர்வீஸ் செயலியில் இடத்தைக் குறித்து, 'இதைப் பராமரிப்பது யார்?' என்று கேளுங்கள். தவறான கதவைத் தட்டினால் கடிதம் கைமாறிக்கொண்டே இருக்கும், ஆதரவு தந்தவர்களின் ஆர்வமும் ஆறிவிடும்.

படி 2: ஆளைத் தேர்ந்தெடுத்தல்

உயிரோடு இருப்பவரை முன்மொழியாதீர்கள். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, நாளைக்கு என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது.

அடுத்தது நிலத்தொடர்பு. டௌன்டவுன் ரயில் பாதையில் ஒரு நிலையத்துக்கு முதலில் 'டச்சஸ்' என்று தற்காலிகப் பெயர் இருந்தது. அது டான் கா கீ நிலையம் என்ற பெயரோடு 2015ல் திறந்தது. டான் கா கீ 1919ல் நிறுவிய பள்ளியின் வளாகத்துக்கு அருகில்தான் அந்த நிலையம் இருக்கிறது. இதைவிடத் தெளிவான தொடர்பு கிடைப்பது அரிது. நம்மவர்களுக்கும் இதே அளவுகோல்தான். ராஃபிள்சுடன் 1819ல் வந்து இறங்கி, சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலை நிறுவிய நாராயண பிள்ளையை அந்தக் கோயில் வட்டாரத்தில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அதே பெயரைப் பொங்கோலில் ஒரு புதுப் பூங்காவுக்குக் கேட்டால், 'இங்கே ஏன்?' என்பதே முதல் கேள்வியாக வரும்.

பிறந்தது, வாழ்ந்தது, வேலை செய்தது, கட்டியது, போராடியது, மறைந்தது, அடக்கமானது. இந்த ஏழில் ஒன்றாவது அந்தப் பூங்காவின் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் நடந்திருக்கிறதா? இல்லையென்றால் வேறு பூங்காவைத் தேடுங்கள், ஆளை மாற்ற வேண்டாம்.

படி 3: ஆதாரம் சேர்த்தல்

இதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும். நான்கைந்து வார இறுதிகளை ஒதுக்கி வையுங்கள்.

தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் தொடங்கலாம். பழைய நாளிதழ்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், 1935ல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசும் அதில் உண்டு. ஆங்கில எழுத்துக்கூட்டல்தான் முதல் தொல்லை. 'பிள்ளை' என்ற ஒரே சொல் 'ஏஐ' என்றும் 'ஏஒய்' என்றும் முடியும். சாரங்கபாணியின் பெயர் 'ஐ'யில் முடியும், 'ஒய்'யிலும் முடியும். ஒரு பெயருக்குக் குறைந்தது ஐந்து வடிவங்களை எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுங்கள். தமிழ் இதழ்களில் சொல்லைத் தட்டித் தேடி ஒன்றும் அகப்படவில்லை என்றால் செய்தியே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். மறைந்த தேதி, திறப்பு விழா, ஊர்வலம் என்று ஏதாவது ஒரு நாளைப் பிடித்து, அதன் முன்னும் பின்னும் ஒரு வாரத்து இதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள்.

அடுத்து தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள். அதற்கடுத்து விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தின் லீ கோங் சியான் நூலகம். அங்கே நூல்களை இரவல் தர மாட்டார்கள், உட்கார்ந்து படித்துக் குறிப்பெடுக்கலாம்.

ஒவ்வொரு செய்திக்கும் இரண்டு ஆதாரம் வேண்டும், அதில் ஒன்றாவது அந்தக் காலத்தில் அச்சானதாக இருக்கட்டும். இணையத்தில் பத்துத் தளங்கள் ஒரே தேதியைச் சொன்னாலும் அவை ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவையாக இருக்கலாம். அது பத்து ஆதாரம் ஆகாது. குடும்பத்தார் சொல்வதையும் பதிவு செய்யுங்கள், ஆனால் தனித் தாளில், 'குடும்பத்தார் கூற்று' என்று குறித்து. அவரைப் பற்றிப் பாதகமான செய்தி ஏதாவது கண்ணில் பட்டால் மறைக்காதீர்கள். பின்னால் வேறு யாராவது கண்டுபிடித்தால் மொத்த முயற்சியும் அதோடு போகும்.

படி 4: பெயரின் வடிவம்

பட்டங்களை எல்லாம் கோத்துவிட்டால் பலகையில் இடம் இருக்காது, மக்கள் வாயிலும் நிற்காது. இரண்டு சொல், அதிகம் போனால் மூன்று. சீனர், மலாய்க்காரர், தமிழர் மூவரையும் ஒரு தடவை உரக்கப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். மூவரும் தடுமாறினால் சுருக்குங்கள். பிறகு ஒன்மேப் வரைபடத் தளத்தில் அதே பெயரில் சாலை, பள்ளி, கட்டடம் இருக்கிறதா என்று தேடுங்கள். தீவின் வேறு மூலையில் அதே பெயரில் ஒரு சாலை இருந்தால், அவசரத்தில் ஆம்புலன்சுக்கு இடம் சொல்பவர் குழம்புவார். அந்த ஒரு காரணமே மறுப்புக்குப் போதும்.

படி 5: மூன்று அளவில் கேளுங்கள்

முழுப் பூங்காவின் பெயரையும் மாற்றக் கேட்டு அதோடு நிறுத்தினால், பதில் 'ஆம்' அல்லது 'இல்லை' என்ற இரண்டில் ஒன்றாகிவிடும். பழகிய பெயரை மாற்ற அந்தப் பகுதியில் குடியிருப்பவர்களே விரும்ப மாட்டார்கள். போர் வீரர் லிம் போ செங் அடக்கமாகியிருப்பது மெக்ரிட்சி நீர்த்தேக்கக் கரையில், ஆனால் அந்த இடம் இன்றும் பொறியாளர் பெயரில்தான் இருக்கிறது. லிம் போ செங்குக்கு நினைவுச்சின்னம் எழும்பியது எஸ்பிளனேட் பூங்காவுக்குள். லெஃப்டினன்ட் அட்னான் சைடி 1942 பிப்ரவரியில் போரிட்ட மலைத்தொடருக்கு, 1952ல் வருகை தந்த கென்ட் அரச குடும்பத்தாரின் பெயர் நிலைத்துவிட்டது. அட்னானும் மலாய்ப் படைவீரர்களும் நினைவுகூரப்படுவது அதே தொடரில், புக்கிட் சண்டுவில் உள்ள ஒரு பழைய பங்களாவில். ஃபோர்ட் கேனிங் பூங்காவுக்குள் 2019ல், பழங்கால சிங்கப்பூரின் மன்னராகச் சொல்லப்படும் சாங் நீல உத்தமர் பெயரில் தோட்டம் திறந்தது, பூங்காவின் பெயர் மாறவில்லை.

ஆகவே மனுவில் வரிசையாக எழுதுங்கள்: (அ) புதுப் பூங்கா என்றால் முழுப் பெயர், (ஆ) உள்ளே ஒரு தோட்டம், நடைபாதை அல்லது கூடாரத்துக்குப் பெயர், (இ) தகவல் பலகை. பெரும்பாலான பழைய பூங்காக்களுக்கு (ஆ)தான் நடக்கக்கூடியது. அதைச் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் 'அந்தத் தோட்டத்துக்குப் போவோம்' என்று சொல்லப்போவது அந்தப் பெயரைத்தான்.

படி 6: ஆதரவு திரட்டல்

சமூக மன்றத்தையும் வட்டார அடித்தளத் தலைவர்களையும் முதலில் பாருங்கள். பூங்காவில் திடீரென்று மேசை போட்டுக் கையெழுத்து வாங்கக் கிளம்பாதீர்கள். பொது இடத்தில் ஒரு கோரிக்கைக்காகக் கூடுவதற்குக் காவல்துறை அனுமதி தேவைப்படலாம். (நிபந்தனைகளோடு அதற்கு விலக்குள்ள பேச்சாளர் முனை இருப்பது, மேலே சொன்ன ஹொங் லிம் பூங்காவில்தான்.) புளோக்கின் கீழ்த்தளத்தில் மேசை போட நகர மன்றத்தின் அனுமதியை முன்கூட்டியே வாங்குங்கள்.

படிவத்தில் பெயர், புளோக் எண், கையெழுத்து மூன்றும் போதும். அடையாள அட்டை எண் கேட்காதீர்கள். சட்டம் கோரினாலோ ஒருவரின் அடையாளத்தை மிக உறுதியாக நிறுவ வேண்டியிருந்தாலோ ஒழிய அமைப்புகள் அதைச் சேகரிக்கக் கூடாது என்ற விதி 2019 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ளது. எல்லாக் கையெழுத்தும் ஒரே இனத்தாருடையதாக இருந்தால் அது இனக் கோரிக்கையாகத் தெரியும். பக்கத்து வீட்டு அங்கிளிடமும் மக்சிக்கிடமும் (மலாய் அம்மாவிடமும்) அந்த மனிதரைப் பற்றிச் சொல்லுங்கள், கதை நன்றாக இருந்தால் அவர்களும் கையெழுத்திடுவார்கள்.

படி 7: மனு

இரண்டே பக்கம். முதல் பக்கத்தின் முதல் பத்தியில் நிலத்தொடர்பு, அடுத்ததில் அவர் செய்தது, கடைசியில் மூன்று கோரிக்கைகள். இரண்டாம் பக்கத்தில் வரைபடமும் ஆதாரப் பட்டியலும். மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்கு எடுத்துப் போகும்போது, நாடாளுமன்ற உறுப்பினர் கடிதத்தோடு இணைக்க வசதியாக இரண்டு பிரதிகள் வைத்திருங்கள். அதே மனுவை பராமரிக்கும் அமைப்புக்கும் மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

படி 8: பலகையில் தமிழ்

ஒப்புதல் கிடைத்த பிறகும் கெட்டுப்போகும் இடம் இது. தமிழ் வாசகத்தை ஒட்டும்போது வடிவமைப்பு மென்பொருள் கொம்பையும் காலையும் பிரித்துப் போட்டுவிடும். 'கோ' என்பது மூன்று துண்டாக நிற்கும். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் 'வேர்ல்ட்-ரெடி' பத்தி அமைப்பை இயக்கினால் இது சரியாகும். எழுத்துரு யூனிகோடாக இருக்க வேண்டும். அச்சுக்குப் போகும் முன் எழுத்துகளை வரிவடிவமாக மாற்றிய பிடிஎஃப் கோப்பைக் கேட்டு வாங்கி, தமிழ் படிக்கத் தெரிந்த இரண்டு பேர் தாளில் அச்சிட்டு எழுத்தெழுத்தாகச் சரிபார்க்க வேண்டும். ஒற்று விடுபட்டிருக்கிறதா, ண-ன, ர-ற மாறியிருக்கிறதா, சொல் நடுவில் உடைந்து அடுத்த வரிக்குப் போயிருக்கிறதா என்று பாருங்கள். திருத்தம் செய்த பிறகு வரும் புதுக் கோப்பையும் முதல் எழுத்திலிருந்து மறுபடி படியுங்கள். ஒன்றைத் திருத்தும்போது இன்னொன்று உடைவது வழக்கம்.