ஆறு சக்கர நீர்நில வண்டிக்குப் பெரிய இன்ஜின் பொருத்தும் முறை

நிலத்திலும் நீரிலும் ஓடும் ஆர்கோ, மேக்ஸ் போன்ற நீர்நில வண்டிகளின் பழைய மாடல்கள் பலவற்றில் 16 அல்லது 18 குதிரைத்திறன் கொண்ட, காற்றால் குளிரும் இரட்டை சிலிண்டர் இன்ஜின்களே இருக்கின்றன. இருவரும் சுமையும் ஏறியபின் சேற்று மேட்டில் அவை திணறுவது உண்மைதான். ஆனால் எந்த இடத்தில் கூடுதல் வலு தேவைப்படுகிறது என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். இவ்வண்டிகள் தண்ணீரில் டயர்ப் பற்களால் துடுப்புப் போட்டே நகர்வதால், அங்கே அவற்றின் வேகம் மணிக்கு 4 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கும். எவ்வளவு பெரிய இன்ஜினை வைத்தாலும் அது குறிப்பிடும்படி உயராது. தண்ணீரில் வேகம் வேண்டுவோர் பின்புறத்தில் வெளிப்புறப் படகு மோட்டார் ஒன்றை மாட்டுவதே நல்லது. நிலத்தில் இழுவிசை வேண்டுவோருக்கு 23 குதிரைத்திறன் போதும் என்பது என் கருத்து. 40 வரை போகிறவர்கள் கியர்பாக்ஸ், செயின், திசைதிருப்பும் பிரேக் ஆகியவற்றையும் மாற்ற நேரிடும். அந்தச் செலவில் வேறு வண்டியே வாங்கிவிடலாம்.

சிங்கப்பூரில் பதிவு செய்யப்படாத வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்ட முடியாது. பதிவான வண்டியாக இருந்தால் இன்ஜினை மாற்றுமுன் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். கடலில் இறக்குவதற்கும் நீர்த்தேக்கத்தில் இறக்குவதற்கும் தனித்தனி விதிகள் உள்ளன. ஜோகூரில் ஒரு தோட்டத்தில் ஓட்டுவதற்காக இங்கே வேலையைச் செய்கிறவர், வண்டியை லாரியில் ஏற்றிப் பாலத்தைக் கடக்குமுன், ஆவணத்திலுள்ள இன்ஜின் எண் புதிய இன்ஜினின் எண்ணோடு ஒத்திருப்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பழைய இன்ஜினைக் கழற்றுமுன் அளவெடுப்பதே இந்த வேலையின் பாதி. இன்ஜின் தண்டின் மையத்திலிருந்து கியர்பாக்ஸ் உள்ளீட்டுத் தண்டின் மையம் வரை உள்ள தூரம், இந்த இரு தண்டுகளிலும் அமர்ந்து ஒரே பெல்ட்டால் இணையும் இரண்டு கிளட்ச்களுக்கும் இடையிலான பக்கவாட்டு விலகல், தண்டின் விட்டம், கிளட்ச்சைத் தண்டோடு பூட்டும் கீ என்ற உலோகத் துண்டு அமரும் பள்ளத்தின் அகலம், தண்டு நுனியில் உள்ள போல்ட்டின் மரை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். சிறிய இன்ஜின்களில் தண்டு பெரும்பாலும் 1 அங்குலம், அதாவது 25.4 மில்லிமீட்டர், பெரியவற்றில் 28.6 மில்லிமீட்டர் வரும். பழைய கிளட்ச்சின் துளையைப் பெரிதாக்கித் தர சுங்கை காடுட்டிலோ காக்கி புக்கிட்டிலோ லேத் பட்டறை கிடைக்கும் என்றாலும், சுவர் மெலிந்த கிளட்ச் உயர் சுழற்சியில் வெடிக்கக்கூடும் என்பதால், சரியான துளையுள்ள கிளட்ச்சை வாங்குவதே பாதுகாப்பானது. சுழலும் திசையையும் சரிபார்க்க வேண்டும்: இவ்வகைக் கிடைத்தண்டு இன்ஜின்களில் பெரும்பாலானவை, தண்டுப் பக்கம் நின்று பார்த்தால், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். இடவசதிக்காக அதைத் திருப்பி வைத்தால் முன்கியரில் வண்டி பின்னால் போகும்.

இன்ஜினை ரப்பர் தாங்கிகளில் வைத்து, கியர்பாக்ஸை மட்டும் சட்டத்தில் இறுக்கிவிட்டால், பெல்ட் இழுக்கும்போது இன்ஜின் கியர்பாக்ஸை நோக்கிச் சாய்ந்து மையத் தூரம் குறையும். பெல்ட் வழுக்கிக் கருகும். இரண்டையும் ஒரே எஃகுத் தகட்டில் பொருத்தலாம், அல்லது இன்ஜின் சாயாதபடி ஒரு தடுப்புக் கம்பி வைக்கலாம்.

பலர் கோட்டைவிடுவது கிளட்ச் சரிசெய்தலில்தான். இந்த இன்ஜின்களின் வேகக் கட்டுப்படுத்தி நிமிடத்துக்கு 3,600 சுற்றுக்கு மேல் போகவிடாது. பனிச்சறுக்கு வண்டியிலிருந்து கழற்றிய மலிவான கிளட்ச்சோ 3,000 சுற்றுக்கு மேல்தான் பிடிக்கத் தொடங்கும். அதை அப்படியே மாட்டினால் வண்டி கடைசி வரை பெல்ட்டைத் தேய்த்துக்கொண்டே நகரும். கிளட்ச்சின் ஸ்பிரிங்கை மென்மையாக்கினால் பிடிக்கும் சுற்று குறையும். அதற்குள் சுழலும் எடைக்கட்டிகளைக் கனமாக்கினால் சுமையின்போது இன்ஜின் குறைந்த சுற்றில் இழுக்கும். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, சுற்றுமானியைப் பார்த்துக்கொண்டு மேடேற்றிச் சோதிக்க வேண்டும்.

நம் ஊர் வெயிலில் அடுத்த சிக்கல் சூடு. காற்றால் குளிரும் இன்ஜினைத் தொட்டி போன்ற உடலுக்குள் வைக்கும்போது, அது ஊதித்தள்ளும் சூடான காற்றையே மீண்டும் உறிஞ்சாதபடி, உள்ளே வரும் வழியையும் வெளியேறும் வழியையும் தகட்டால் பிரித்து அடைக்க வேண்டும். உடல் பாலிஎதிலீனால் ஆனது. சுமார் 130 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். ஆகவே புகைக்குழாய்க்கும் உடலுக்கும் நடுவே காற்று இடைவெளியுடன் கூடிய வெப்பத் தடுப்புத் தகடு அவசியம். புகைக்குழாயின் வாயும் காற்று வடிகட்டியும் முழுச் சுமையில் அமையும் நீர்மட்டத்துக்கு நன்கு மேலே இருக்க வேண்டும்.

மின்சார வேலையில் ஓர் எச்சரிக்கை. மேக்னெட்டோ பற்றவைப்புள்ள, அதாவது சுழலும் காந்தத்தால் தானே தீப்பொறி உண்டாக்கும், இன்ஜினை நிறுத்தும் கம்பி, இன்ஜினின் உலோக உடலோடு இணைந்தால்தான் அதை அணைக்கும். பழைய சுவிட்ச்சின் வழியே அந்தக் கம்பிக்கு 12 வோல்ட் சென்றால் தீப்பொறி தரும் காயில் எரிந்துவிடும். மேலும், அடிப்புறம் முழுவதும் அடைக்கப்பட்ட வண்டியில் பெட்ரோல் ஆவி வெளியேற வழியின்றிக் கீழே தங்கும்; படகுகளில் பயன்படும் தீப்பொறி எழாத ஊதுவிசிறியைப் பொருத்தி, சாவியைத் திருப்புமுன் சில நிமிடம் ஓடவிட வேண்டும். எரிபொருள் குழாய்களையும் இத்தருணத்தில் புதிதாக மாற்றிவிடுங்கள், பழையவை பார்வைக்கு நன்றாகவே இருந்தாலும்.

இன்ஜின்கள் இரண்டையும் தராசில் எடைபோட்டு, வேறுபாட்டைத் தயாரிப்பாளர் நீருக்கென வகுத்த சுமை வரம்பிலிருந்து கழிக்க வேண்டும். நீருக்கான வரம்பு நிலத்துக்கான வரம்பைவிடக் குறைவாகவே இருக்கும். பின்னர் அமைதியான, ஆழமற்ற குளத்தில், நீங்கள் மிதவை உடுப்பு அணிந்துகொண்டு, கரையில் கட்டிய கயிற்றுடன் வெறும் வண்டியை இறக்கி, நான்கு மூலைகளிலும் நீர்மட்டத்தை ஸ்டிக்கரால் குறிக்க வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்தால் பேட்டரியையோ எரிபொருள் தொட்டியையோ மறுபக்கம் நகர்த்தலாம். சுமையைச் சிறிது சிறிதாக ஏற்றி, ஆக்சில் சீல்களில் கசிவு இருக்கிறதா, நீரிறைக்கும் பம்ப் அதை ஈடுகட்டுகிறதா என்று பார்த்த பிறகே ஆள் ஏறலாம்.

முதல் 5 மணி நேர ஓட்டத்துக்குப் பின் எண்ணெயை மாற்றி, தாங்கிகளின் போல்ட்டுகள் அனைத்தையும் முறுக்கு அளவியால் மறுபடி இறுக்க வேண்டும். வடித்த எண்ணெயைக் கால்வாயில் ஊற்றுவது குற்றம். உரிமம் பெற்ற கழிவு எண்ணெய் சேகரிப்பாளருக்கு அனுப்பும் பட்டறையிடம் மூடிய டின்னில் கொடுத்துவிடலாம்.