யாழ்ப்பாணத்திலிருந்து பேராதனைப் பூங்காவுக்குச் செல்வோருக்கு

பேராதனை அரச தாவரவியல் பூங்கா 147 ஏக்கர் பரப்புடையது என்பதால், அங்கே எவற்றைப் பார்க்காமல் விடலாம் என்பதை வீட்டிலேயே தீர்மானித்துக்கொண்டு புறப்படுவது நல்லது. ஏ-9 வீதி வழியே கண்டி ஏறத்தாழ 320 கிலோமீற்றர் தொலைவில் இருப்பதால், இரவிலே பயணம் செய்து விடியற்காலையில் அங்கே இறங்கினால் பகல் முழுவதும் கையில் இருக்கும். கண்டியிலிருந்து கடுகண்ணாவை அல்லது கேகாலைப் பேருந்தில் 6 கிலோமீற்றர் அளவில் பூங்கா வாயிலை அடையலாம். வெளிநாட்டவருக்கான கட்டணம் உள்ளூர்க் கட்டணத்தை விடப் பன்மடங்கு அதிகம். ஆகவே தேசிய அடையாள அட்டையை மறவாதீர்கள். கனடாவிலிருந்து வந்த உறவினரை அழைத்துச் செல்வோர் அச்செலவையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ளவும்.

வெயில் ஏறுமுன் பனையினத்து மரங்களைப் பார்த்துவிடுங்கள். நம்மவர் அதிக நேரம் நிற்க வேண்டிய இடம் இரட்டைத் தேங்காய் மரத்தடி என்பது என் கருத்து. சீசெல்சுத் தீவுகளுக்கு உரிய இம்மரம் பெயரில் தேங்காயாக இருந்தாலும், உறவில் பனைக்கே நெருங்கியது. ஓலை விசிறியாக விரியும். ஆணும் பெண்ணும் தனித்தனி மரங்கள். உலகிலேயே மிகப் பெரிய விதை இதனுடையது. அதன் முளையும், பாத்தியிலிட்ட பனங்கொட்டையின் முளையைப் போலவே, முதலில் மண்ணுக்குள் நீண்டு இறங்கிய பின்னரே மேலே இலை விடும். அண்ணாந்து பார்த்தால், தடித்த நீண்ட பூங்கதிர் தொங்குவது ஆண் மரம், பெரிய பச்சைக் காய்கள் இருப்பது பெண் மரம் என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பிரமுகர்கள் நட்ட மரங்களின் பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கினால் முற்பகல் அதிலேயே போய்விடும். 1901இல் பிரித்தானிய இளவரசராக வந்து பின்னர் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானவர் நட்ட நாகலிங்க மரம், 1961இல் யூரி ககாரின் நட்ட மரம் ஆகிய இரண்டும் போதுமானவை.

பூங்காவை மூன்று பக்கமும் மகாவலி வளைத்து ஓடுகிறது. ஆற்றோரத்து இராட்சத மூங்கில், மழைக்காலத்தில் ஒரே நாளில் 30 சென்ரிமீற்றர் வரை வளரக்கூடியது. அடியில் கிளம்பும் குருத்துகளைப் பார்க்கலாம், தொடக்கூடாது. பழந்தின்னி வௌவால்கள் தொங்கும் மரங்களின் கீழ் நடக்கையில், வெயில் இல்லாவிட்டாலும் குடையை விரித்துக்கொள்வது புத்திசாலித்தனம். வாயிலுக்கு அருகிலுள்ள ஓர்க்கிட் மனையைக் கடைசிக்கு வைத்துக்கொண்டால், பிற்பகல் மழை பிடித்தாலும் அங்கே ஒதுங்கலாம்.