விட்டு விட்டு வரும் கார் மின்கோளாறா? எர்த் வயரைப் பாருங்கள்

ஹெட்லைட் திடீரென மங்கும், மியூசிக் சிஸ்டம் தானாக அணைந்து மறுபடி வரும், மெக்கானிக்கிடம் போனால் மட்டும் எல்லாம் ஒழுங்காக இருக்கும். இப்படிக் கண்ணாமூச்சி காட்டினால், அவசரப்பட்டுப் புது பேட்டரி வாங்கிவிடாதீர்கள்.

இன்ஜினை அணைத்துவிட்டு பேட்டரி முனைகளைக் கையால் திருகிப் பாருங்கள். அசைகிறதா, பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கிறதா? நெகட்டிவை முதலில் கழற்றி, தேய்த்துச் சுத்தம் செய்து, நெகட்டிவைக் கடைசியாக மாட்டி இறுக்குங்கள்.

அப்புறம் எர்த் வயர், அதாவது பேட்டரி நெகட்டிவை கார் பாடியோடும் இன்ஜினோடும் இணைக்கும் வயர். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். பாடியிலும் இன்ஜினிலும் போல்ட் போட்டு இறுக்கிய வளையத்துக்கு அடியில் துரு ஒளிந்திருக்கும், மேலே பார்த்தால் பளபளவென்றே இருக்கும். மல்டிமீட்டரை (வோல்ட் அளக்கும் கருவி) டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜினின் வெற்று உலோகத்திலும் வைத்துக்கொண்டு, இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. கழற்றி, உலோகம் தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து மாட்டுங்கள்.

அதுவும் சரியாக இருந்தால், ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு அதற்குப் போகும் வயர்களையும் கனெக்டர்களையும் ஒவ்வொன்றாக அசையுங்கள். விளக்கு எங்கே சிமிட்டுகிறதோ அங்கேதான் கோளாறு. மஞ்சள் உறை போட்ட ஏர்பேக் வயர்ப் பக்கம் மட்டும் கை போகவே வேண்டாம்.