வைட்டமின் டி குறைவா? மாரடைப்பு பயத்தில் செய்யும் தவறுகள்

காரைக்குடியில் எங்கள் தெருவில் ஒரு ஆச்சி, எடை 90 கிலோவுக்கு மேல். போன வருஷம் மகன் வற்புறுத்தி முழு உடல் பரிசோதனை செய்ய வைத்தார். வைட்டமின் டி 11 என்று குறைவாக வந்ததும் வீடே கதிகலங்கிவிட்டது, "டி குறைஞ்சா ஹார்ட் அட்டாக் வருமாமே" என்று போன் மேல் போன். அதே ரிப்போர்ட்டில் மூன்று மாத சராசரி சர்க்கரை (HbA1c) 8.2 என்று எகிறியிருந்ததை ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை. நான் பார்த்ததில் பெரிய தவறு இதுதான்.

டி குறைந்தவர்களுக்கு இதய நோய் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் கவனித்திருக்கின்றன, அது உண்மை. ஆனால் எது எதனால் என்று பார்க்க வேண்டாமா? இந்த வைட்டமின் கொழுப்பில் கரையும். உடம்பு பெருத்தால் அத்தனை இடத்துக்கும் பரவி, ரத்தத்தில் கொஞ்சமாகத்தான் தெரியும். ஒரு படி மாவுக்குப் போடும் கருப்பட்டியை இரண்டு படிக்குப் போட்டுக் கும்மாயம் கிண்டினால் இனிப்பு எங்கே இருக்கும், அந்தக் கதைதான். மரபணுக்களை வைத்து 2013-ல் வந்த ஒரு பெரிய ஆய்வும் பருமன்தான் டி-யைக் குறைக்கிறது என்றே காட்டியது. அதாவது டி குறைவதற்கும் இதயம் கெடுவதற்கும் ஒரே தொந்தி காரணமாக இருக்கலாம்.

சரி, டி-யை ஏற்றிவிட்டால் இதயம் தப்புமா? அமெரிக்காவில் 'வைட்டல்' என்ற ஆய்வில் 25,871 பேரைச் சேர்த்து, ஒரு பாதிக்குத் தினம் 2,000 யூனிட் டி, மறுபாதிக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை என்று ஐந்து வருஷத்துக்கு மேல் கொடுத்துப் பார்த்தார்கள். 2018-ல் முடிவு வந்தது: மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. பின்னால் அதே ஆய்வை அலசியபோது, ஒரே அளவு சாப்பிட்டும் பருமனானவர்களுக்கு ரத்தத்தில் டி குறைவாகவே ஏறியது தெரிந்தது.

அதற்காக டாக்டர் எழுதிய டி-யை நிறுத்திவிடாதீர்கள். எலும்புக்கு அது வேண்டும்.

அடுத்த தவறு ஆச்சியே செய்தது. டாக்டர் எழுதியது 60,000 யூனிட் டி பவுடர் பாக்கெட், வாரத்துக்கு ஒன்று. சீக்கிரம் ஏறட்டும் என்று தினம் ஒன்றாகப் பாலில் கலக்கிக் குடித்திருக்கிறார். நல்லவேளை, ஒன்பதாம் நாள் மருமகள் காலி பாக்கெட்டுகளை எண்ணிப் பார்த்தாள். இப்படியே போனால் ரத்தத்தில் கால்சியம் எகிறி வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், சிறுநீரகக் கல் என்று இழுத்துக்கொண்டு போகும். பருமனானவர்களுக்குச் சில சமயம் இரண்டு மூன்று மடங்கு டோஸ் தேவைப்படும்தான், ஆனால் அந்தக் கணக்கு டாக்டருடையது. பிரஷருக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் மாதிரி மாத்திரையோ, இதயத்துக்கு டிகாக்சினோ போகிறவர்கள் அதைச் சொல்லாமல் டி வாங்கவே கூடாது. முதல் வகை தானே கால்சியத்தை ஏற்றும், இரண்டாவது கால்சியம் ஏறினால் ஆபத்தாகும்.

அப்புறம் வெயில். காலை ஆறரை மணிக்கு மொட்டை மாடியில் நின்றுவிட்டு டி கிடைத்துவிட்டது என்பார்கள். டி-யை உண்டாக்கும் கதிர் அந்நேரம் மிகக் குறைவு. பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள்தான் நன்றாக இறங்கும், கண்ணாடி ஜன்னல் வழியே வரவே வராது. நம் வீடுகளில் வளவு நடுவே வானம் பார்த்த முற்றம் இருக்கிறது. அந்த உச்சி வெயிலில் வற்றல் காய்கிறது, நாம் பட்டாலையில் ஃபேனுக்கு அடியில் படுத்திருக்கிறோம்! ஆனாலும் பருமனானவர்களுக்கு அந்தக் கதிர் ஒரே அளவு பட்டும் ரத்தத்தில் டி பாதிக்கும் குறைவாகவே ஏறியதாக 2000-ல் ஒரு ஆய்வு சொன்னது, அதனால் வெயிலை மட்டும் நம்பவும் முடியாது.

மாதாமாதம் டி டெஸ்ட் எடுப்பதும் வீண் செலவு. மாத்திரை தொடங்கி மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் போதும். அந்தப் பணத்துக்கு ஒரு தையல் டேப் வாங்கி இடுப்பை அளந்து பாருங்கள்: நம்மவர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதற்கு மேல் போனால் இதயத்துக்கு எச்சரிக்கை. பிரஷர், சர்க்கரை, கொலஸ்ட்ரால் மாத்திரைகளை விடாமல் சாப்பிடுவதும் அதே கணக்கில் சேரும்.

ஆச்சிக்கு இப்போது ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் மட்டும்தான் பாக்கெட், அதுவும் மருமகள் கையால். சர்க்கரை மாத்திரை போட்டாரா என்று தினமும் கேட்கிறார்கள், அதில்தான் இன்னும் சண்டை.